எந்தப் பெயர் எந்தப் பிள்ளைக்கு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, இரட்டைக் குழந்தைகளுக்குப் பெயர் சூட்டுவதைப் பற்றியவை. தனித்தனி இதழ்களில் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியதால் நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்து முப்பத்திரண்டு நாள்கள் ஆகின்றன. அறுவை சிகிச்சையில் இரண்டு நிமிட இடைவெளியில் பிறந்தார்கள். ஒருத்திக்கு என் மாமியாரின் பெயரான தையல்நாயகியையும், மற்றவளுக்குக் காலமாகிவிட்ட என் அம்மாவின் பெயரான அபிராமியையும் வைப்பதென்று பிறந்த அன்றே பேசி முடித்துவிட்டோம். எந்தப் பெயர் யாருக்கு என்பதில்தான் பேச்சு முடியவில்லை. மூத்தவளுக்குத்தான் தன் பெயர் வர வேண்டும் என்கிறார் மாமியார். சிவப்பாக இருப்பவள் தன் அம்மாவின் சாயல் என்பதால் அவளுக்கே அந்தப் பெயர் என்கிறார் கணவர்; அவளோ இரண்டாவதாகப் பிறந்தவள். நாற்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் சூட்ட நாள் குறித்தாயிற்று. அதுவரை வீட்டில் எல்லாரும் 'பெரிசு', 'சின்னது' என்றே அழைக்கிறார்கள். என்ன செய்வது? (மயிலாடுதுறை வாசகி)

பதில்: உங்கள் கணவர் சொல்வதை முதலில் பார்ப்போம், அதை ஒதுக்குவது எளிது. முப்பத்திரண்டு நாள் குழந்தையின் நிறமும் முகச்சாயலும் நிலைத்தவை அல்ல. பிறந்த சில நாள்களில் வருகிற மஞ்சள் காமாலை முழுமையாக வடியவே சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். தோலின் இயல்பான நிறம் படிந்து தெரியப் பல மாதங்கள் பிடிக்கும். ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்ட இரட்டையரில் ஒன்று சிவந்தும் மற்றது வெளிறியும் பிறப்பதுகூட உண்டு. இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறு. நிறத்தைப் பார்த்துப் பெயரைக் கொடுத்தால், 'சிவப்பாக இருந்ததால்தான் பாட்டி பெயர் அவளுக்குப் போயிற்று' என்ற கதையும் அந்தப் பெயரோடு சேர்ந்து வளரும். யாராவது ஓர் அத்தை ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் வைத்து அதை மற்றவளின் காதுபடச் சொல்லியே தீருவார்.

உங்கள் மாமியார் சொல்வதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது, ஏனெனில் அவருக்குப் பின்னால் நம்முடைய மொழியே நிற்கிறது. தமிழில் பேச்சு வழக்கில் அக்காள் உண்டு, தங்கை உண்டு; மூத்தவளா இளையவளா என்று சொல்லாமல் உடன்பிறந்தவளைக் கூப்பிடுவதற்குச் சொல் கிடையாது. அதனால் இரண்டே நிமிடம் முந்தியவளும் அக்காளாகிவிடுகிறாள், பிந்தியவள் ஆயுள் முழுவதும் தங்கையாகவே இருந்தாக வேண்டும். அந்த இரண்டு நிமிடம் எப்படி வந்தது என்பதையும் கவனியுங்கள். ஸ்கேன் அறிக்கையில் கருப்பை வாய்க்கு அருகில் இருக்கும் சிசுவை முதலாவது என்று குறிப்பார்கள். அறுவை சிகிச்சையிலோ மருத்துவரின் கைக்கு எது முதலில் வாகாகக் கிடைக்கிறதோ அதுவே முதலில் வெளியே வருகிறது. பல மாதங்களாக ஸ்கேனில் 'இரண்டாவது' என்று எழுதப்பட்டு வந்தவள் பிறக்கும்போது அக்காளாகிப் போவது நடக்கக்கூடியதே.

முதலில் வந்தவளுக்கு அக்காள் என்ற இடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. தந்தை வழிப் பாட்டியின் பெயரையும் அவளுக்கே கொடுத்தால், உங்கள் அம்மாவின் பெயர் எஞ்சியதை எடுத்துக்கொண்ட பெயராக ஆகிவிடும். நீங்கள் கடிதத்தில் அப்படி எழுதவில்லை. ஆனாலும் உங்கள் மனத்தில் உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

பெயர்களிலேயே மூத்தது இளையது என்ற வரிசை அடங்கியிருந்தால் இந்தச் சிக்கலே எழாது. 1887 அக்டோபர் 14 அன்று கர்நூலில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவருக்கு இராமசாமி, இளையவருக்கு இலட்சுமணசாமி. ஆர்க்காடு இராமசாமி முதலியார் ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார்; ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியார் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். இரட்டையரில் இளையவரான இலட்சுமணசாமி பேர்பெற்ற மகப்பேறு மருத்துவர் என்பது கூடுதல் சுவை. (இராமனும் இலக்குவனும் இரட்டையர் அல்லர் என்பதையும், சுமித்திரை பெற்ற இரட்டையர் இலக்குவனும் சத்துருக்கனனும்தான் என்பதையும் எத்தனை பேருக்கு நினைவூட்டினாலும், இரட்டை ஆண் குழந்தைகள் என்றதும் இராமன் இலட்சுமணன் என்றுதான் நம் வீடுகளில் வாய் போகிறது.) நைஜீரியாவின் யொருபா மக்களிடம் இது இன்னும் தெளிவு. முதலில் பிறப்பது ஆணானாலும் பெண்ணானாலும் அதற்குத் தைவோ, அடுத்ததற்குக் கெஹிந்தே என்று பிறப்பு வரிசையே பெயரை முடிவு செய்துவிடுகிறது. இரட்டையருக்குப் பின் பிறக்கும் பிள்ளைக்குக்கூட இதோவு என்று பெயர் காத்திருக்கிறது.

உங்கள் இரண்டு பெயர்களிலோ எந்த வரிசையும் இல்லை. தையல்நாயகி வைத்தீசுவரன்கோயில் அம்பாள், அபிராமி திருக்கடையூர் அம்பாள். இரண்டு தலங்களும் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன, அவர்களுக்குள் அக்காள் தங்கை பேச்சு கிடையாது. ஆகவே முடிவை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும், அது வீட்டில் எவருடைய விருப்பத்தையும் சாராததாக இருக்க வேண்டும். நம் ஊர்களில் அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது: பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு செவ்வரளியையும் ஒரு நந்தியாவட்டையையும் ஒரே அளவுள்ள இரண்டு வாழையிலைத் துண்டுகளில் மடித்து, வாழைநாரால் ஒரே மாதிரியாகக் கட்டுங்கள். சிவப்புப் பூ தையல்நாயகி, வெள்ளைப் பூ அபிராமி என்று முன்கூட்டியே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். இரண்டையும் தாம்பாளத்தில் குலுக்கி விளக்கின் முன் வைத்து, இந்தப் பேச்சில் எந்தப் பக்கமும் சேராத அண்டை வீட்டுக் குழந்தை ஒன்றை ஒரு பொட்டலத்தை எடுத்து மூத்தவளின் தொட்டிலில் வைக்கச் சொல்லுங்கள். பிரித்துப் பார்க்கும் உரிமையை மாமியாருக்கே விட்டுக்கொடுங்கள். பூ வந்தபின் மறுபடி கட்டிப் பார்ப்பதில்லை என்று முன்னரே அவரிடம் பேசி வைத்துக்கொள்வதும் அவசியம். பூ தமக்குச் சாதகமாக விழாதபோது 'சரியாகக் குலுக்கவில்லை' என்று சொல்லாத பெரியவர்களை நான் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

சாமி முன் பூப்போடுவதில் நம்பிக்கை இல்லாதவர்கள் நாணயத்தைச் சுண்டிப் பார்க்கலாம். என் பெரியம்மா வீட்டு இரட்டைப் பையன்களுக்கு, பெயர் சூட்டும் நாள் காலையில் எவன் முதலில் விழித்து அழுகிறானோ அவனுக்குத் தாத்தா பெயர் என்று முடிவு செய்தார்கள். அறுபதைக் கடந்த பிறகும் மற்றவர், 'அன்றைக்கு ஒருநாள் நன்றாகத் தூங்கினேன், பெயர் போயிற்று' என்று சொல்லிச் சிரிப்பார். அவர் அதைக் குறையாகச் சொல்லி ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் இப்போதே யோசித்துவிடுங்கள். மாமியாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்வதில்லை என்ற வழக்கம் உங்கள் வீட்டில் இருக்குமானால், தையல்நாயகியை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. அதட்டும்போது நிச்சயமாக முடியாது. அவளுக்குக் கண்ணு என்றோ பாப்பா என்றோ ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும், அபிராமி மட்டும் அபிராமியாகவே இருப்பாள். அப்படி நேராமல் இருக்க, கூப்பிடும் பெயர் ஒன்றை இருவருக்குமே அன்றே வைத்துவிடுங்கள்.

பதிவு பற்றி அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதே விதி, அதைப் பெரும்பாலும் மருத்துவமனையே அனுப்பிவிடும்; குழந்தையின் பெயரைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு இரட்டை ஆண் குழந்தைகள். இரண்டாவதாக வெளியே வருகிற குழந்தைதான் முதலில் கருவானது, ஆகையால் அதுவே மூத்தது, அதற்குத்தான் கொள்ளுத்தாத்தாவின் பெயரை வைக்க வேண்டும் என்கிறார் என் தந்தை. இதில் உண்மை உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் தந்தை இதைத் தாமாகக் கற்பித்துச் சொல்லவில்லை. பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தத்தில் திதி பெற்ற இரட்டையருக்குக் காசியபர் பெயர் சூட்டும்போது, முதலில் கருக்கொண்டவனுக்கு இரணியகசிபு என்றும், திதி முதலில் ஈன்றவனுக்கு இரணியாட்சன் என்றும் பெயரிட்டதாக வருகிறது. முதல் பதிலில் சொன்ன யொருபா மக்களும் கெஹிந்தேயைத்தான் மூத்தவராகக் கருதுகிறார்கள். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தைவோவை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருபவர் அவர் என்பது அவர்கள் கொள்கை. விவிலியத்தின் ஆதியாகமத்திலோ முறை நேர்மாறு. தாமாரின் பிரசவத்தில் ஒரு சிசுவின் கை முதலில் வெளியே நீள, இவனே முதலாவது என்று மருத்துவச்சி அதில் சிவப்பு நூலைக் கட்டினாள். கை உள்ளே போய்விட்டது, மற்றவன் முந்திக்கொண்டு வந்தான். அப்படி மீறி வந்தவனுக்குப் பேரேஸ் என்றும், நூல் கட்டிய கையோடு பின்னால் வந்தவனுக்குச் சேரா என்றும் பெயராயிற்று. இன்று மருத்துவமனையில் இரட்டைக் குழந்தைகளின் கையில் கட்டுகிற பட்டைக்கு அந்த நூலை முன்னோடி என்றே சொல்லலாம்.

மருத்துவப்படி பார்த்தால் உங்கள் தந்தை சொல்வதற்கு ஆதாரம் இல்லை. உருவம் ஒத்த இரட்டையர் ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து உண்டாகிறவர்கள், அவர்களில் முதலில் கருவானவர் என்று எவரும் இருக்க முடியாது. உருவம் வேறுபட்ட இரட்டையர் இரண்டு முட்டைகளிலிருந்து வருகிறார்கள். அவை பெரும்பாலும் ஒரே சுழற்சியில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கருவுறுகின்றன. எது முந்தியது என்பதற்கும் எது முதலில் வெளிவந்தது என்பதற்கும் தொடர்பு கிடையாது.

ஆகவே கொள்ளுத்தாத்தாவின் பெயரை இரண்டாவதாகப் பிறந்தவனுக்கு வைப்பதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை, அந்தக் காரணத்தைச் சொல்லி வைப்பதில்தான் மறுப்பு. மருத்துவமனைக் குறிப்பில் முதலாவது என்று எழுதப்பட்டவனை வீட்டில் தம்பி என்றும், இரண்டாவதை அண்ணன் என்றும் அழைக்கத் தொடங்கினால், பள்ளியில் ஒரு கணக்கு, தாத்தா வீட்டில் ஒரு கணக்கு என்று பிள்ளைகள் திண்டாடிப் போவார்கள். பெரியவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள், அந்தச் சொல் மூத்தவன் இளையவன் பார்ப்பதில்லை.

தொடர்புடைய ஒரு தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. 'லவகுசா' என்று சொல்லிப் பழகிவிட்டதால் மூத்தவனுக்கு லவன் என்றும் இளையவனுக்குக் குசன் என்றும் வைக்கிறார்கள். வால்மீகியின் உத்தரகாண்டத்தில், முதலில் பிறந்தவனை மந்திரித்த குசப் புல்லால் துடைத்ததால் குசன், பின்னால் பிறந்தவனை அப்புல்லின் அடிப்பகுதியாகிய லவத்தால் துடைத்ததால் லவன் என்றே இருக்கிறது. இந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் வரிசையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அதுபோலவே இளங்கோ, இளமாறன் போன்ற பெயர்களை மூத்தவனுக்கு வைத்துவிட்டால், தமிழாசிரியர் வகுப்பில் பொருள் சொல்லும் நாளில் தம்பி விடமாட்டான்.

கேள்வி: எங்கள் இரட்டைப் பெண்களுக்கு ஒரே நட்சத்திரம், ஒரே பாதம், ரோகிணி இரண்டாம் பாதம் என்பதால் 'வ' வரிசையில்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். வர்ஷினி, வர்ஷிதா என்று தேர்ந்தெடுத்திருக்கிறோம். யாருக்கு எதை வைப்பது? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள், அதன் நான்கு பாதங்களில் ஒன்றைக் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகிறது. நிமிடக் கணக்கில் பிறந்த இரட்டையருக்கு எழுத்து வேறுபடுவது, பாதம் மாறும் தறுவாயில் பிறந்தால் ஒழிய, நடவாது. எனவே சோதிடம் உங்களுக்கு எழுத்தைத்தான் கொடுக்கும், யாருக்கு எது என்பதைச் சொல்லாது.

ஆனால் யாருக்கு எது என்பதற்கு முன்பு இந்த இரண்டு பெயர்களும் வேண்டுமா என்று யோசியுங்கள். உங்கள் பெண்களுக்குப் பிறந்த தேதி ஒன்று, தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்று, முகவரி ஒன்று, பல ஆண்டுகள் வகுப்பும் ஒன்றாகவே இருக்கும். ஏடுகளில் அவர்களைப் பிரித்துக் காட்டப்போவது பெயர் மட்டுமே. அதிலும் கடைசி ஓரெழுத்துத்தான் வேறுபாடு என்றால், மதிப்பெண் பட்டியலும் மருந்துச் சீட்டும் மாறிப் போவதற்கு நாமே வழி செய்து கொடுத்ததாகும். வங்கியிலோ பள்ளியிலோ கணினியில் பதிவு செய்பவர், ஒரே ஆளை இருமுறை பதிந்துவிட்டார்கள் என்று எண்ணி ஒன்றை நீக்கிவிடவும் கூடும். 'வ' தான் வேண்டுமென்றால் வள்ளி, வானதி என்று ஒலியில் விலகி நிற்கும் இரண்டைத் தேடுங்கள். சமையலறையிலிருந்து உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். கூடத்தில் இருப்பவருக்கு எந்தப் பெயர் என்று உடனே விளங்க வேண்டும். அதன்பின் யாருக்கு எது என்பதை மேலே சொன்னபடி பூக்கட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரட்டை ஆண் குழந்தைகள், வயது இரண்டரை மாதம். பதினாறாம் நாளே பெயர் வைத்து, மூத்தவன் காலில் கறுப்புக் கயிறும் இளையவன் காலில் சிவப்புக் கயிறும் கட்டியிருந்தோம். சென்ற மாதம் எண்ணெய்க் குளியலின்போது என் அத்தையும் சித்தியும் இரண்டு கயிறுகளையும் அவிழ்த்து வைத்துவிட்டார்கள். திரும்பக் கட்டியது சரிதானா என்பதில் இருவருக்குமே ஐயம். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. இரவில் தூக்கம் வரவில்லை. (சேலம் வாசகி)

பதில்: அத்தையையும் சித்தியையும் முதலில் மன்னித்துவிடுங்கள். இரண்டு வழுக்கும் குழந்தைகளும் ஒரு குவளை வெந்நீரும் கையில் இருக்கும்போது கயிற்றின் நிறம் நினைவில் நிற்காது.

பெயரைப் பொறுத்தவரை கவலைப்பட ஒன்றுமில்லை. சான்றிதழ்கள் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறந்த தேதி, பாலினம், இடம், பெற்றோர் பெயர், முகவரி எல்லாம் ஒன்றாகவே இருக்கும். பிறந்த நேரம் நம் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. வேறுபடுவது குழந்தையின் பெயரும் பதிவு எண்ணும்தான். நள்ளிரவுக்கு இருபுறமும் பிறந்து தேதி வேறுபட்டிருந்தால் ஒழிய, இந்தச் சான்றிதழ் இந்தக் குழந்தையுடையதுதான் என்று காட்டும் அடையாளம் எதுவும் அந்தத் தாளில் இல்லை. இரண்டரை மாதப் பிள்ளை தன் பெயரை அறியாது. இன்று முதல் எவனை எந்தப் பெயரால் அழைக்கிறீர்களோ அவனே அவன்.

மருத்துவக் குறிப்பைப் பொறுத்தவரை அப்படி இருந்துவிட முடியாது. இருவரில் ஒருவனுக்கு மட்டும் காமாலைக்கு ஒளிச் சிகிச்சை நடந்திருந்தாலோ, இதயத்தில் ஓசை கேட்கிறது, மூன்று மாதத்தில் திரும்ப வரவும் என்று எழுதியிருந்தாலோ, ஏதேனும் மருந்து ஆகாது என்று குறித்திருந்தாலோ, இரண்டு குழந்தைகளையும் இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இருவரையும் மீண்டும் சோதித்து அவர் புதிதாக எழுதிக் கொடுப்பார். தடுப்பூசிகள் இருவருக்கும் ஒரே நாளில் ஒன்றாகப் போடப்பட்டிருந்தால் அட்டை மாறியதால் கேடு இல்லை. ஒருவனுக்குக் காய்ச்சல் என்று ஏதேனும் ஒரு தவணை தள்ளிப் போயிருந்தால் மட்டும் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள்.

பழைய அடையாளத்தைக் கண்டுபிடிக்க விரும்பினால் மருத்துவமனையில் பிறந்தபோது பாதரேகை எடுத்தார்களா என்று விசாரிக்கலாம். ஒத்த இரட்டையருக்கும் கைரேகை, பாதரேகை வேறுபடும். இரத்த வகை உதவாது, ஒரே கருமுட்டையில் உருவானவர்களுக்கு அது ஒன்றாகத்தான் இருக்கும். பிறந்த முதல் வாரத்தில் எடுத்த கைபேசிப் படங்களைப் பெரிதாக்கி மச்சம், காது மடல், தலைச்சுழி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரக்கூடும். சில இரட்டையரில் ஒருவனுக்குச் சுழி வலமாகவும் மற்றவனுக்கு இடமாகவும் இருக்கும்.

இனிமேல் கயிற்றை மட்டும் நம்ப வேண்டாம். அது நனைந்து இறுகவும் கூடும். கட்டுவதாயின் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். ஒருவனுடைய கால் கட்டைவிரல் நகத்தில் மட்டும் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து, அழிவதற்குள் புதுப்பித்து வாருங்கள். ஐந்தாம் மாதவாக்கில் காலைப் பிடித்து வாயில் வைக்கத் தொடங்கிவிடுவான், அதற்கு முன்பு நிறுத்திவிடுங்கள். அதற்குள் உடம்பில் ஏதாவது ஒரு வேறுபாட்டை நீங்களே கண்டுவைத்திருப்பீர்கள். அதைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதித் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்கு முன் எடுக்கும் ஆதாரில் குழந்தையின் கைரேகை பதிவாவதில்லை, ஐந்து வயதானதும்தான் ரேகையும் கருவிழியும் எடுக்கிறார்கள். அன்றைக்கு மையத்தில் வரிசையில் நிற்கும்போது மட்டும், எவன் எவன் என்பதை அத்தையிடமும் சித்தியிடமும் விடாமல் நீங்களே கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுங்கள்.